தாஹிர் பேக் படியிறங்கிய வெள்ளிக்கிழமை

அந்தப் புதன்கிழமை மாலை அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தாஹிர் பேக், அவருடைய பழைய குதிரைக்காரரின் மகன் ஜெமால், கும்பகோணத்துச் சந்திரமௌலி, என் மனைவி நாகலட்சுமி, நான். வீட்டுக்காரி ஹோஃப்மன் அம்மாள் கதவு வரை வந்து, கையிலிருந்த பூங்கொத்தை ஜெமாலிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். அவரைச் சேர்க்கவில்லை. பெயர்களை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் இந்த விஷயத்தைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை.

1969 பிப்ரவரி. நான் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சியில் இருந்தேன். ரயில் பாதைக்கு அப்பால் ஒரு பழைய மூன்று மாடி வீட்டின் உச்சியில் எங்களுக்கு இரண்டு அறைகள். எங்களுக்கு நேர் கீழே தாஹிர் பேக்கும் அவர் மனைவி எமினே அம்மாளும் இருந்தார்கள். பேக் என்பது அவர்கள் நாட்டில் பெருநிலக்காரருக்கு உரிய பட்டம், நம் பக்கத்தில் ஜமீன்தார் என்பதுபோல. அல்பேனியாவில் அவருக்குப் பதினோரு கிராமங்கள் இருந்தன. வியன்னாவில் படித்தவர். ராஜா காலத்தில் பாராளுமன்றத்தில் உட்கார்ந்தவர். யுத்தத்தின்போது, நாடு அந்நியர் கையில் இருந்த நாளில், ஏழு மாதம் மந்திரியாகவும் இருந்தார். பிறகு கம்யூனிஸ்டுகள் வந்தார்கள். நிலம் போயிற்று, அவருக்கு மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. இரவோடு இரவாகக் கடல் தாண்டி, நாலைந்து நாடு சுற்றி, கடைசியில் இந்த வீட்டின் இரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்தார்.

எனக்கு அவரைப் பிடிக்கும். காரணம் எளிது. அவர் வீட்டுக்குள்ளேயும் டை கட்டியிருப்பார். மாயவரம் பக்கத்தில் எங்களுக்கும் நிலம் உண்டு என்று சொன்னபோது, எத்தனை ஏக்கர் என்று கேட்டார். உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு முப்பது என்றேன். "மீதி யார் பெயரில் இருக்கிறது?" என்றார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. இருவரும் காப்பியைக் குடித்தோம்.

ஒவ்வொரு நவம்பரிலும் ஐக்கிய நாடுகள் சபைக்கு ஒரு மனு தட்டச்சு செய்வார். நான்கு பக்கம், பிரெஞ்சில். எமினே அம்மாள் அதைக் கொண்டுபோய்த் தபாலில் சேர்ப்பார். பதில் வந்ததில்லை. சனிக்கிழமைகளில் கணவனும் மனைவியும் ஒரே கறுப்புக் குடையின் கீழ் உலாவப் போவார்கள். அயல்நாட்டார் பதிவு அலுவலகத்துக்கும் பல் வைத்தியரிடமும்கூட இருவராகத்தான் போவார்கள். கிழவனும் கிழவியும் எத்தனை அன்பு பாருங்கள் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை எமினே அம்மாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். புதன் மாலை துக்கம் கேட்கப் போயிருந்தோம். ஜெமால் மியூனிக்கிலிருந்து ரயிலில் வந்திருந்தார். அங்கே ஏதோ தொழிற்சாலையில் காவல் வேலை. ஐம்பது வயது இருக்கும், ஆனாலும் பேக்கின் முன்னால் உட்காரவில்லை. எங்களுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ ஜெர்மனிலேயே பேசினார்.

"ஸ்டேஷன் பக்கத்து பீர்க் கடையில் இரண்டு பேரையும் பார்த்தேன், எஜமான். அண்ணன் சவரம் செய்யவில்லை. தம்பி எனக்கு வணக்கம் சொன்னான்."

"வணக்கம் சொன்னானா?"

"சொன்னான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. 1943-இல், பேக் மந்திரியாக இருந்தபோது, அவருடைய மாவு ஆலை முற்றத்தில் ஒருவரை அவருடைய ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். செத்தவரின் இரண்டு மகன்கள் ஒன்பது வருடத்துக்கு முன் ஜெர்மனியில் வேலைக்கு வந்திருந்தார்கள். அவர்கள் மலைநாட்டில் ரத்தத்துக்கு ரத்தம் வாங்காமல் ஒரு குடும்பம் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஆனால் அதற்கும் எழுதாத விதிகள் உண்டு. வீட்டுக்குள் இருப்பவனைத் தொடக்கூடாது. பெண்ணோடு நடந்து போகிறவனைச் சுடக்கூடாது. சுட்டால் சுட்டவன் வீட்டின் மானம் போய்விடும். ஆண்கள் எத்தனை பேர் உடன் வந்தாலும் பயனில்லை. அந்த ஒன்பது வருடமும் தாஹிர் பேக் மனைவி இல்லாமல் அந்த வீட்டின் படியிறங்கியதில்லை. அந்த மனைவியைத்தான் வெள்ளிக்கிழமை புதைக்க வேண்டும்.

"அவர்களிடம் தவணை கேட்கலாம், எஜமான்," என்றார் ஜெமால். "சாவுக்காகக் கேட்டால் ஒரு பகல் ஒரு இரவு சுடாமலிருக்க வாக்குக் கொடுப்பார்கள். கொடுக்காத வீடு கிடையாது."

"கேட்டால் அந்த ரத்தம் என்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகும். நான் சொல்லி நடந்ததல்ல அது. இருபத்தாறு வருடம் ஒப்புக்கொள்ளாததை எமினேயின் சவப்பெட்டிமேல் உட்கார்ந்து ஒப்புக்கொள்வேனா?"

"அப்படியானால் போலீஸ்."

பேக் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஜெமால் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே அடுத்த யோசனைக்குப் போனார். "தெருமுனை ரொட்டிக் கடையில் ஒரு விதவை இருக்கிறாள். இருபது மார்க் கொடுத்தால் கூட வருவாள். எமினே அம்மாளுக்குத் தெரிந்தவள்தான்."

"வாடகைப் பாவாடை," என்றார் பேக். "என் மனைவியின் குழிக்கு நான் வாடகைப் பாவாடைக்குப் பின்னால் போகவேண்டும். நன்றாக இருக்கிறது. உன் அப்பா குதிரைகளுக்குச் சொன்ன யோசனை இதைவிட நன்றாக இருக்கும்."

"குதிரைகள் கேட்டுக்கொள்ளும், எஜமான்."

சந்திரமௌலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் மறைத்துக்கொண்டான். வேதியியல் மாணவன், நல்ல பையன்தான், ஆனால் வாயும் பேனாவும் அடங்காது. பேக் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, யாரிடமும் சொல்லாததுபோல், ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டுப் பழகிய குடும்பத்துப் பெண் கூட வந்தால் அதில் இழிவில்லை, ஆனால் இந்த ஊரில் அப்படி யார் இருக்கிறார்கள் என்றார். எமினே அம்மாள் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டவர். இது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று ஒரு பெண் குரல் ஜெர்மனில் கேட்டது.

என் மனைவிக்கு ஜெர்மன் தெரியும் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும். அதுவும் எமினே அம்மாளின் ஜெர்மன், அந்த ரகரத்தைப் புரட்டும் விதம் அப்படியே. பேக் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அது முறை.

"ஹெர் டாக்டர், உங்கள் வீட்டில் இதற்கு இடம் உண்டா?"

"இல்லை," என்றேன். "எங்கள் வீட்டுப் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை."

"எங்கள் வீட்டிலும் போவதில்லை," என்றார் அவர். "நீங்கள் சொன்னது சரி." எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பழைய குடும்பங்கள் ஒன்றையொன்று புரிந்துகொண்ட திருப்தி எனக்கு இருந்தது. அதை மறைக்க மாட்டேன். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும் நம் வழக்கப்படி எழுந்து மேலே வந்துவிட்டோம்.

எங்கள் கதவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அந்த ஊர்க் கதவுகளுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி திருகாது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், சாவி இல்லாமல் திரும்ப உள்ளே வர முடியாது. ஹோஃப்மன் அம்மாள் முதல் நாள் இரண்டு சாவி கொடுத்தார். ஒன்று போதும் என்று மற்றதை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த ஒன்று என் கோட்டுப் பையில் இருக்கும். பாஷை தெரியாத ஊரில் ஒரு பெண் தனியாக வெளியே போகவேண்டிய அவசியம் என்ன என்பது என் எண்ணம். காய்கறி, அரிசி எல்லாம் நானே வாங்கி வருவேன். அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

"எப்ப கத்துகிட்ட ஜெர்மன்?" என்று கேட்டேன்.

"நீங்க லேபுக்குப் போனப்புறம். எமினே அம்மாகிட்ட."

"கதவு?"

மாயவரத்திலிருந்து கொண்டுவந்திருந்த சின்னக் கல்லுரலின் குழவி கதவோரம் கிடந்தது. அடுப்படியில் இருக்கவேண்டியது இங்கே ஏன் கிடக்கிறது என்று பலமுறை கேட்டிருக்கிறேன். அங்கேயே கிடக்கட்டும் என்பாள். அன்றைக்கும் அதை எடுத்து வைக்கச் சொன்னேன். எடுக்கவில்லை.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவளாகவே ஆரம்பித்தாள்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்காம். ஜெமால் சொன்னாரு."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"மாயவரத்துக்கும் இதுக்கும் நாலாயிரம் மைல்ங்க."

"அந்த ஆளு மந்திரியா இருந்தப்ப என்னென்ன பண்ணாரோ. அந்த ரத்தத்துல நமக்கு என்ன வேலை?"

"அவருக்காக யாரு போறா? அந்த அம்மாவை யாரோ நாலு பேரு கொண்டுபோய்ப் பொதைப்பாங்க, புருஷன் சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருப்பாரு. அதை நான் மேல நின்னு பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"பொம்பளைங்க போற எடம் இல்ல அது. உங்க வீட்டுலயும் இல்ல, எங்க வீட்டுலயும் இல்ல, அவங்க வீட்டுலயும் இல்ல."

அவள் ரசத்தை என் தட்டில் ஊற்றினாள். ஊற்றி முடித்துவிட்டுச் சொன்னாள். "அவரு வெளிய போனா சுட்டுடுவாங்கன்னு உள்ள உக்காந்திருக்காரு. எனக்கு யாருங்க துப்பாக்கி வச்சிக்கிட்டு நிக்கிறா?"

ரசம் சூடாக இருந்தது. கீழே தாஹிர் பேக் நடப்பது கேட்டது. சன்னலிலிருந்து கதவு வரை ஒன்பது அடி, கதவிலிருந்து சன்னல் வரை ஒன்பது அடி. ஒன்றரை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான். அன்றுதான் எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் நுரையோடு இருந்தது. கண்ணாடியில் எனக்குப் பின்னால் முன்னறை தெரியும். நாகலட்சுமி தலைக்குக் குளித்து, சாம்பல் நிறப் புடவை கட்டி, மேலே குளிர்கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள். ஆணியில் தொங்கிய என் கோட்டின் பையில் கையை விட்டாள். நான் திரும்பவில்லை.

"நாகு," என்றேன்.

"சோறு வடிச்சு வச்சிருக்கேன்," என்றாள். கதவு சாத்திக்கொண்டது. பூட்டு தானாக விழும் அந்தச் சத்தத்தை நான் அதுவரை உள்ளே தனியாக இருந்து கேட்டதில்லை.

பின்னால் ஓடலாம். ஓடினால் கதவு பூட்டிக்கொள்ளும், சாவி அவளிடம். என் பணம், பாஸ்போர்ட்டு, எல்லாம் உள்ளே. அவள் திரும்பி வரும்வரை மாடிப்படியில் நிற்கவேண்டும், ஹோஃப்மன் அம்மாள் வந்து என்ன ஹெர் டாக்டர் என்று கேட்பார். ரேசரைக் கையில் வைத்துக்கொண்டு முன்னறை நடுவில் நின்றேன். சன்னலுக்குப் போனேன். கதவுக்கு வந்தேன். எங்கள் அறையும் ஒன்பது அடிதான். அப்போது கீழே பார்த்தேன். குழவியின் ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்து, கதவின் பச்சை வண்ணம் அதில் ஏறியிருந்தது. தினமும் அதைக் கதவிடுக்கில் வைத்துவிட்டுத்தான் அவள் கீழே போய் வந்திருக்கிறாள். திறந்த வீட்டைப் போட்டுவிட்டுத் தெருவுக்குப் போக முடியாது. ஆகவே இரண்டாம் மாடி வரை. ஒன்றரை வருடமாக அவளுடைய உலகம் இருபத்திரண்டு படி.

குழவியை எடுத்துக் கதவிடுக்கில் வைத்தேன். நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.

தெருவில் பனியும் மழையும் கலந்து பெய்துகொண்டிருந்தது. ஆலைக்குப் போகிறவர்கள் சைக்கிளில் வரிசையாகப் போனார்கள். எனக்கு நாற்பது அடி முன்னால் தாஹிர் பேக்கும் நாகலட்சுமியும் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் நெடிய மனிதர், அதற்கு மேல் தொப்பி வேறு. எமினே அம்மாளின் அந்தக் கறுப்புக் குடையை நாகலட்சுமி கையை முழுவதும் உயர்த்திப் பிடித்திருந்தாள். நடுவில் கை மாற்றிக்கொண்டாள். அவர் குடையை வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கினால் அவர் குடைக்குள் அவள் வந்ததாகும். இப்போது அவள் குடைக்குள் அவர். அந்த வித்தியாசம் பார்க்கிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதில் அவர் கவனமாக இருந்தார். நான் நெருங்கிப் போகவில்லை. எனக்கு இடம் இல்லாத ஊர்வலம் அது.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஜெமால் சொன்னதுபோல் மூத்தவன் முகத்தில் ஒரு வாரத்துத் தாடி. வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. தாஹிர் பேக் நடையைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. கூப்பிட வாயைத் திறந்தேன், எந்தப் பெயரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மூத்தவன் முதலில் பேக்கைப் பார்த்தான். பிறகு குடையைப் பிடித்த கையைப் பார்த்தான். கோட்டுக்குக் கீழே சேற்றில் இழுபட்ட புடவைக் கரையைப் பார்த்தான். பைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. வெறும் கை. அதை உயர்த்தித் தொப்பியை எடுத்தான். தம்பியும் எடுத்தான். அந்த மரியாதை பேக்குக்கு அல்ல. வாசலை விட்டு விலகி நின்றார்கள். நான் கடந்துபோனபோது தம்பி என் பாதிச் சவரத்தைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் ஏதோ சொன்னான். சிரிக்கவில்லை.

குழியருகே ஜெமாலும் ஆறேழு துருக்கித் தொழிலாளர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓதினார். நாகலட்சுமி குழிக்கு வரவில்லை. இருபது அடி தள்ளி, ஒரு மொட்டை மரத்தடியில், குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றாள். பேக் மண்வெட்டியால் மூன்று முறை மண் தள்ளினார். நானும் தள்ளினேன். திரும்பும்போது அவர் அவளிடம் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நாற்பது அடி தூரத்தில் எனக்குக் கேட்கவில்லை. மாவு ஆலையைப் பற்றியா, எமினே அம்மாளைப் பற்றியா என்று பின்னால் கேட்டேன். "அது என்கிட்ட சொன்னது," என்றாள். கடைசி வரை சொல்லவில்லை.

இரண்டாம் மாடியில் அவர் நெஞ்சில் கைவைத்து அவளுக்குத் தலை வணங்கினார். என்னிடம் கைக்குட்டையை நீட்டினார்.

"உங்கள் கன்னத்தில் ரத்தம், ஹெர் டாக்டர்."

ரேசர் எப்போது பட்டது என்று எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை நாகலட்சுமி குடையோடு போய் அவர் கதவைத் தட்டினாள். அவர் திறக்கவில்லை. "ஒரு வீட்டாரிடம் ஒரு முறைதான் இதைக் கேட்கலாம், மகளே," என்று உள்ளிருந்தே சொன்னார். குடையை அவளையே வைத்துக்கொள்ளச் சொன்னார். தவணையும் கேட்கவில்லை. அயல்நாட்டார் பதிவுக்கு அலுவலகத்திலிருந்து குமாஸ்தாவே மேலே வந்து முத்திரை குத்திவிட்டுப் போவார். நவம்பர் மனுவை அவர் தொடர்ந்து தட்டச்சு செய்தார். நாகலட்சுமி தபாலில் சேர்த்தாள். 1974-இல் துருக்கிக்காரர்கள் நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதுவரை ஐந்து வருடம் அவர் அந்தப் படிகளை மிதிக்கவில்லை. அந்த ஐந்து வருடமும் சனிக்கிழமைகளில் அவள் தனியாக வெளியே போனாள். எதிர்ச்சாரிக்குப் போனதும் நின்று, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தக் கறுப்புக் குடையை ஒருமுறை விரித்து உயர்த்துவாள். இரண்டாம் மாடித் திரை ஒரு சாண் விலகும். பிறகு மூடிக்கொள்ளும்.

சந்திரமௌலி அவன் அம்மாவுக்கு எழுதினான். கும்பகோணத்திலிருந்து மாயவரத்துக்குச் செய்தி போக மூன்று நாள் ஆகவில்லை. என் மனைவி ஒரு வேற்று நாட்டு ஜமீன்தாரோடு கை கோத்துக்கொண்டு தெருவில் போனாள் என்று அவன் எழுதியது பொய். அவன் அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தான். கை கோக்கவில்லை. அவள் கையில் குடை இருந்தது. என் தகப்பனார் எனக்கு ஒரு வருடம் கடிதம் எழுதவில்லை.

இப்போது வேறு மாதிரிப் பேசுகிறார்கள். போன ஆவணியில் நாகலட்சுமியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தபோது என் சித்தப்பா மகன் பாஸ்கரன் பந்தியில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். ஒரு உயிரைக் காப்பாற்றவேண்டும் என்று உமாபதி அண்ணன்தான் சாவியை எடுத்து அண்ணி கையில் கொடுத்து, தைரியமாகப் போய்விட்டு வா என்று அனுப்பினாராம். இலையில் இருந்தவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள்.

அது உண்மையில்லை. நான் கொடுக்கவில்லை. கோட்டின் இடது பையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள்.